ஏரிக்கரையில் பாம்பும் ஆமையும்: தேடிப் பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

தவளை சும்மா கத்துவதும் பாம்பு வாயில் மாட்டிக்கொண்டு கத்துவதும் ஒன்றல்ல. இரண்டாவது சத்தம் கைக்குழந்தை வீறிடுவதுபோல நீளமாக, விட்டுவிட்டு வரும். கிராமத்தில் வளர்ந்தவர்கள் படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் அந்தச் சத்தம் வந்த திசையில் போய்த்தான் நான் முதன்முதலாக ஒரு பாம்பை நானாகத் தேடிக் கண்டேன். மதகுக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்கோலி, தவளையின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு கிடந்தது. தவளை உடம்பைக் காற்றால் ஊதிப் பெரிதாக்கிக்கொண்டது. பாம்பு அவசரப்படவில்லை. ஒரு பக்கத் தாடையை மட்டும் தளர்த்தி அரை விரற்கடை முன்னே வைத்துக் கவ்வும், பிறகு மறுபக்கத் தாடை. தவளை வாய்க்குள் நடந்து போவதுபோல இருந்தது. இருபது நிமிடம் நின்று பார்த்தேன். அந்தப் பாம்பு என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பொழுதுபோக்கு அவ்வளவுதான். தேடுவது, தூர நின்று பார்ப்பது, குறித்துக்கொள்வது. பிடிப்பது இதில் கிடையாது. பாம்பை வாலில் தூக்கிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவராக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பாம்புகளையும் ஆமைகளையும் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் பிடித்த பாம்பு பயந்துபோன பாம்பு. அது என்ன தின்கிறது, எங்கே போகிறது, எப்படி வெயில் காய்கிறது என்று எதையும் உங்களுக்குக் காட்டாது.

முதலில் நான்கு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் சமவெளியில் ஆளைக் கொல்லும் கடிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நான்கினுடையவை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆண்டுக்கு 58,000. ஆகவே களத்துக்குப் போகும் முன்பு இந்த நான்கையும் கண்ணாடிக்கு வெளியே நின்று ஆசைதீரப் பார்த்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டி பாம்புப் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை ஒட்டி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போன இருளர்கள் 1978இல் தொடங்கியது அது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நஞ்சுமுறி மருந்து அந்த நஞ்சிலிருந்துதான் தயாராகிறது.

அங்கே பாம்பைப் பார்க்கும்போது பிடிப்பவரின் கண்ணையும் கவனியுங்கள். இருளர்களிடம் கற்க வேண்டியது பிடிக்கும் வித்தையை அல்ல, தடம் பார்ப்பதை. புழுதியில் ஒரு கோடு, வளை வாயில் தேய்ந்த மண், எச்சம், உரித்த சட்டை என்று எதைப் பார்த்தாலும் உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்வார்கள். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டது இந்தக் கண்ணுக்காகத்தான். பழக்கமே இல்லாத சதுப்பு நிலத்தில் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குழப்பம் எங்கே வரும் என்றால், வேஷம் ஒத்துப்போகும் இடங்களில். கட்டு விரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் சேர்த்துக் குழப்பாத ஆளே இல்லை. கட்டு விரியனுக்கு வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக, வால் பக்கம் போகப் போகத் தெளிவாக இருக்கும். கழுத்துப் பக்கம் மங்கிவிடும், சிலவற்றில் இல்லாமலே போகும். வரையனுக்கு நேர்மாறு: கழுத்திலிருந்தே பட்டை தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் கரையும். வரையன் நஞ்சில்லாதது, வீட்டுச் சுவரில் பல்லி தேடி ஏறுவது. சொல்லக் கேட்க எளிதாக இருக்கிறது, சரி. மழை இரவில், மங்கலான டார்ச் வெளிச்சத்தில், பாதி உடம்பு புல்லுக்குள் இருக்கும்போது இந்த இலக்கணமெல்லாம் பறந்துவிடும். கண்ணாடி விரியனுக்கும் மண்ணுளிப் பாம்புக்கும், நல்ல பாம்புக்கும் சாரைக்கும் இதே கதை. அதனால் என் பழக்கம் இது: என்ன பாம்பு என்று தெரியாதவரை அது கட்டு விரியன். முதலில் தள்ளி நிற்பேன், அப்புறம் படம் எடுப்பேன், பெயர் வீட்டுக்கு வந்து தேடுவேன்.

எவ்வளவு தள்ளி? பாம்பின் நீளத்தைப் போல இரண்டு பங்காவது. கணக்குப் போட நேரமில்லை என்றால் இரண்டு ஆள் நீளம் விடுங்கள்.

என்ன எடுத்துக்கொள்வது

முழங்கால் வரை வரும் கம்பூட், முழுக்கால் பேன்ட், நல்ல டார்ச் இரண்டு. ஒன்று அணைந்தால் இன்னொன்று. செல்போன் வெளிச்சம் டார்ச் ஆகாது. ஒரு கம்பு, தரையைத் தட்டிக்கொண்டு போக. பாம்பை நோண்ட அல்ல. ஆமைக்காக ஒரு பைனாகுலர், 8 மடங்கு பெரிதாக்குவது போதும். தண்ணீர், நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா மழையில் காலைவாரும்.

இதைவிட முக்கியம் கூட ஒரு ஆள். தனியாகப் போகவே போகாதீர்கள். அருகில் நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கிளம்பும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது கடி பட்டால் உட்காரவையுங்கள், மோதிரம், வாட்ச், இறுக்கமான கயிறு இருந்தால் கழற்றுங்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதம் என்றால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். கயிற்றால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலைக்காரரைத் தேடாதீர்கள். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. நம் மருந்து நான்கு பாம்புக்கும் சேர்த்தே தயாரிக்கப்பட்டது. கட்டு விரியன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது. சில மணி நேரம் கழித்துத்தான் இமை தொங்கும், மூச்சு திணறும். ஆகவே ‘கடித்ததா இல்லையா’ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைதான். இன்னொன்று: மேற்குத் தொடர்ச்சி மலையில், மூக்கு நுனி தூக்கினாற்போல ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. அதன் கடிக்கு இந்த மருந்து கேட்காது. அதனால் புதியவர்கள் மலையில் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன்.

எங்கே தொடங்குவது

காட்டில் இல்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. உள்ளே போனாலும் அடர்ந்த மரங்களுக்கு நடுவே கண்ணில் படுவது குறைவு. பாம்புக்குப் பிடித்தது ஓரங்கள்: தண்ணீரும் கரையும் சேரும் இடம், வயலும் வேலியும் சேரும் இடம், கல்லும் புல்லும் சேரும் இடம். நம் ஊரில் ஏரிக்கரையைப் போல இந்த ஓரங்களெல்லாம் ஒன்றாக அமைந்த இடம் வேறு கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவே கருங்கல் அடுக்கிய கரை, அதில் ஆயிரம் சந்து. மதகையும், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலையும் விட்டுவிடாதீர்கள். மீனும் தவளையும் சேரும் இடத்தில் நீர்க்கோலி இருக்கும்.

போகும் முன் ஊரில் சொல்லிவிட்டுப் போங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மழைக்கால இரவு நானும் நண்பனும் ஒரு ஏரிக்கரையில் டார்ச்சை இங்கும் அங்கும் அடித்துக்கொண்டு போனோம். பத்து நிமிடத்தில் ஐந்தாறு பேர் கம்போடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஆடு திருட வந்தவர்கள் என்று நினைப்பு. ‘பாம்பு பார்க்க வந்தோம்ணே’ என்றதும் சந்தேகம் இன்னும் வலுத்தது. போனில் இருந்த படங்களைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். மறுநாள் காலை டீக்கடையில் அவர்களில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘பாம்ப வுடு தம்பி, ஆம பாக்கணும்னா மழ வுட்டதும் கலங்கல் ரோட்டுக்கு வா. பாலாம தானா நடந்து வரும்’ என்றார். அப்படியே வந்தது. இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலை டீக்கடை.

எப்போது

பாம்புக்குத் தன் உடம்புச் சூடு கிடையாது, வெளியிலிருந்து வாங்க வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் நேரம் தானாகப் பிடிபடும். மார்கழி, தை மாதங்களில் காலை எட்டு மணிக்குமேல் பத்து மணிக்குள் கரைக் கல்லிலும் வரப்பிலும் வெயில் காயும். சாரைக்கு நல்ல நேரம் அது. கண்ணாடி விரியன் இணைதேடி நடமாடுவதும் இந்தக் குளிர்மாதங்களில்தான், கால் வைக்கும் இடம் பார்த்து வையுங்கள். சித்திரை, வைகாசியில் பகலில் தேடுவது வெயிலில் வெந்துபோவதற்குத்தான். விடியலும் இரவும் மட்டும். ஆண்டிலேயே சிறந்த இரவுகள் கோடை மழை முதன்முதலாகப் பெய்து ஓய்ந்த இரவும், ஐப்பசியில் மழை விட்டுப் புழுக்கமாக இருக்கும் இரவுகளும். தவளை கத்தினால் கிளம்பலாம். காற்று பலமாக அடித்தால் படுத்துத் தூங்கலாம்.

எப்படிப் பார்ப்பது

புதியவர்கள் செய்யும் ஒரே தவறு வேகமாக நடப்பது. நூறு அடிக்குக் கால் மணி நேரம் ஆகட்டும். டார்ச்சை இடுப்பில் பிடிக்காமல் கன்னத்தருகே, கண்மட்டத்தில் பிடியுங்கள். அப்போதுதான் மின்னும் கண்கள் தெரியும். புல்லில் வைரத்தூள் மாதிரிப் பச்சையாக மினுக்கினால் சிலந்தி. கரையோரம் மஞ்சளாக இரண்டு புள்ளி என்றால் தவளை. பாம்பின் கண் அப்படி மின்னாது. அதைக் கண்ணால் தேடக்கூடாது, உருவத்தால் தேட வேண்டும். புல்லும் சருகும் தாறுமாறாகக் கிடக்கும். அதற்கு நடுவே ஒரே பருமனில் வளைந்து போகும் ஒரு கோடு, ஈரமில்லாத ஒரு பளபளப்பு, இதைத் தேடுங்கள். முதல் பத்து முறை கயிறும் வேரும் சைக்கிள் டியூபும்தான் கிடைக்கும். பதினோராவது முறை அந்த வேர் நாக்கை நீட்டும்.

பகலில் உங்களைவிட நன்றாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அணில் ஒரே இடத்தைப் பார்த்து வாலை அடித்துக்கொண்டு விடாமல் கத்தினால், மைனாக்களும் கரிச்சான்களும் ஒரு புதரைச் சுற்றி ரகளை செய்தால், அந்தப் புதரின் கீழே கிட்டே போகாமல் பாருங்கள். நான் பார்த்த பச்சைப் பாம்புகளில் பாதியை அணில்தான் காட்டிக்கொடுத்தது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்பார்கள். இரண்டும் கதை. சாரையும் நாகமும் பின்னிப் பிணைகின்றன என்பதும் அப்படித்தான். நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்பவை இரண்டுமே ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம். அதைப் பார்க்கக் கிடைத்தால் அசையாமல் நின்றுகொள்ளுங்கள், அரை மணிகூட நீளும்.

கல்லைப் புரட்டிப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். குளிர்நாடுகளில் அதுதான் வழக்கம். நம் ஊரில் வறண்ட கரட்டு நிலத்துக் கல்லடியில் இருப்பது தேள் அல்லது சுருட்டை விரியன். ஒரு அடிப் பாம்பு, உடம்பை வளையம் வளையமாக உரசி, வாணலியில் எண்ணெய் காய்வதுபோலச் சத்தம் எழுப்பும். முதல் வருடம் எந்தக் கல்லிலும் கை வைக்காதீர்கள். அப்புறம் புரட்டினாலும் கையை அடியில் விடாமல், எதிர்ப்பக்க விளிம்பை ஒரு கொக்கிக் கம்பியால் உங்களை நோக்கி இழுங்கள். கல் உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே கேடயமாக நிற்கும். பார்த்ததும் இருந்தபடியே திரும்ப வைத்துவிடுங்கள். அது யாரோ ஒருவரின் கூரை.

ஆமைக்குக் காத்திருக்க வேண்டும்

பாம்பை நடந்து தேடலாம். ஆமையை உட்கார்ந்துதான் தேட முடியும். நம் ஏரி குளங்களில் முக்கியமாக இரண்டு. கரும்பழுப்பு ஓடும் முதுகில் மூன்று மேடும் கொண்டது காராமை. தட்டையான, தோல் போர்த்த ஓடும் குழாய்போல நீண்ட மூக்கும் கொண்டது பாலாமை. காலையில் நீரில் சாய்ந்த கிளை, பாறை, பனைமரத் துண்டு எதிலாவது ஏறி வெயில் காயும். உங்கள் நிழல் பட்டாலே ‘தொப் தொப்’ என்று எல்லாம் விழும். பிறகு ஒரு மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் முதலில் நீர்மட்டத்தில் இரண்டு மூக்குத் துளை, அப்புறம் தலை, அப்புறம் ஓடு என்று தவணை தவணையாக வரும். கோடையில் ஏரி வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் கிடக்கும்.

கோயில் குளத்தில் கன்னத்தில் சிவப்புக் கீற்று உள்ள ஆமையைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக் கடை வழியாக வந்து, வளர்த்தவர்களுக்கு அலுத்ததும் குளத்தில் விடப்பட்டது. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று நம் ஆமையை விரட்டும் ஊர், கடையில் அந்நிய ஆமையை அதிர்ஷ்டத்துக்கு வாங்குகிறது.

சாலையைக் கடக்கும் ஆமையை மட்டும் தூக்கலாம், அது போய்க்கொண்டிருந்த பக்கத்தில் விடுவதற்கு. பின்னால் இருந்து ஓட்டின் இரு பக்கமும் பிடியுங்கள். பாலாமையின் கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடியும் பலம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கடலாமை தனிக் கதை. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் சிற்றாமை ஜனவரி முதல் ஏப்ரல்வரை நம் கரையேறும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிறார்கள். பருவத்தில் வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள், பொதுமக்களும் சேரலாம். தனியாகப் போய்த் தேடாமல் இவர்களோடு போவதுதான் முறை. ஆமை வெளிச்சத்துக்கு மிரண்டு முட்டையிடாமலே திரும்பிவிடும். டார்ச் இல்லை, பிளாஷ் இல்லை. டயர் உருண்டதுபோல மணலில் தடம் தெரிந்தால் உற்சாகம் தொற்றிக்கொள்ளும். கூட்டுக்குள் நூறு முட்டைக்குமேல் இட்டுவிட்டு, மணலை மூடி, பக்கத்துக்குப் பக்கம் உடம்பைச் சாய்த்து ‘தொம் தொம்’ என்று அடித்து இறுக்கும். ஓட்டின் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டேன், ஈரத் தரையில் திமிசு போடுவதுபோல இருந்தது. பெரும்பாலான இரவுகளில் காண்பது செத்து ஒதுங்கிய ஆமைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் அப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சு வாங்க மேலே வர முடியாது.

வீடு திரும்பியதும்

படத்தைப் போடும் முன்பு இடத்தை எடுத்துவிடுங்கள். போன் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். நட்சத்திர ஆமையைக் கள்ளச்சந்தைக்குக் கொண்டுபோகிறவர்களும், இருதலை மணியனை எடைபோட்டு லட்சக்கணக்கில் விலை பேசுகிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவேற்றினால் பெயர் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் உதவுவார்கள், அழிவுக்குள்ளாகும் உயிர்களின் துல்லியமான இடத்தை அதுவே மறைத்தும் காட்டும்.

நோட்டில் அன்றே எழுதுங்கள். ஒன்றும் காணாத நாளையும் எழுதுங்கள், மூன்று வருடம் கழித்து அந்த வெற்று நாட்கள்தான் பருவத்தைச் சொல்லித்தரும். என் நோட்டில் போன ஐப்பசியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘மாலை 6.50 முதல் 9.10. மழை விட்டு ஒரு மணி நேரம். காற்று இல்லை. மதகில் நீர்க்கோலி 2, ஒன்று குட்டி. மூன்றாவது பனைக்கு அடியில் சாரைச் சட்டை, முழுசு, கண்ணை மூடும் செதில் உட்பட. கலங்கல் ரோட்டில் பாலாமை 1, கிழக்கே போனது, நாங்களே தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டோம். வரப்பில் ஒரு கோடு போட்ட பாம்பு, பாதிதான் தெரிந்தது. கட்டு விரியனா வரையனா தெரியவில்லை. கிட்டே போகவில்லை.’